தென்கிழக்காசிய இணைய மோசடி முகாம்கள்

வெளிநாட்டில் வேலை என்று வரவழைத்தவர்களை அடைத்து வைத்து, அவர்களைக் கொண்டே உலகின் பல மூலைகளில் இருப்போரை இணையத்திலும் தொலைபேசியிலும் ஏமாற்றிப் பணம் பறிக்கும் வளாகங்கள் இவை. மியான்மர், கம்போடியா, லாவோஸ், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் 2020க்குப் பின் பெருகின. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இவற்றில் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கணித்தது. வெறும் கணிப்புதான், ஆயுதக் காவல் நிற்கும் மதிலுக்குள் போய்த் தலை எண்ணியவர் யாரும் இல்லை.

இத்தொழிலுக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, 1990களின் பிற்பகுதியில் தைவானில் வளர்ந்த தொலைபேசி மோசடி. உள்ளூரில் கெடுபிடி கூடியதும் அக்கும்பல்கள் சீனப் பெருநிலத்துக்கும், பிறகு வெகுதூர நாடுகளுக்கும் நகர்ந்தன. 2016இல் கென்யாவில் பிடிபட்ட தைவானியர்கள் சீனாவுக்கு அனுப்பப்பட்டது பெரிய ராஜதந்திரச் சர்ச்சையானது. மற்றொன்று சூதாட்டம். சீனப் பெருநிலத்தில் சூதாட்டத்துக்குத் தடை என்பதால், அருகிலுள்ள தென்கிழக்காசிய நாடுகளில் சீனர்களுக்காகவே கேசினோக்கள் முளைத்தன: வட மியான்மரின் லௌக்காய், லாவோஸின் தங்க முக்கோணச் சிறப்புப் பொருளாதார மண்டலம், கம்போடியாவின் கடலோர நகரம் சிகானூக்வில்.

சீனாவின் அழுத்தத்தால் 2019 ஆகஸ்டில் கம்போடியப் பிரதமர் ஹுன் சென் இணையச் சூதாட்டத்துக்குத் தடை அறிவித்தார். சில மாதங்களில் கொரோனா வந்தது. கேசினோக்கள் காலியாயின, சீனத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினர். முதலாளிகளிடம் கட்டடம் இருந்தது, இணைய வசதி இருந்தது, காவலாட்கள் இருந்தனர், கறுப்புப் பணத்தை வெளுக்கும் வழியும் இருந்தது. ஆள்தான் இல்லை. எல்லையை மூடிவைத்திருந்த சீனாவிலிருந்து ஆள் எடுப்பதும் கடினமாயிற்று. ஆள் கடத்தல் இத்தொழிலின் அடித்தளமானது இந்தக் கட்டத்தில்தான். ஆங்கிலத்தில் ஏமாற்றினால் அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா எல்லாமே சந்தை என்று தெரிந்ததும், ஆங்கிலமும் கணினியும் அறிந்த இந்திய, பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்க இளைஞர்கள் குறிவைக்கப்பட்டனர். 66 நாடுகளைச் சேர்ந்தவர்கள் இப்படிக் கடத்தப்பட்டுள்ளதாக 2025இல் இன்டர்போல் தெரிவித்தது.

அதிகம் பேசப்பட்ட இடம் மியான்மரின் மியாவடி. தாய்லாந்தின் மே சோட் நகருக்கும் இதற்கும் நடுவே ஓடும் மோய் ஆறு கோடையில் நடந்தே கடக்கக்கூடியது. அக்கரையில் எழுந்தவையே ஷ்வே கொக்கோ, கேகே பார்க் போன்ற வளாகங்கள். ஷ்வே கொக்கோவை 'புதுநகரம்' என்று விளம்பரப்படுத்தியவர் ஷு ஜிஜியாங் என்ற சீனத் தொழிலதிபர். 2022இல் பாங்காக்கில் கைதானார். அவரோடு கூட்டுச் சேர்ந்தது சாவ் சிட் து தலைமையிலான கரேன் எல்லைக் காவல் படை. 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் உள்நாட்டுப் போரில் இந்தப் படையின் ஆதரவு ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால் கேள்வி கேட்க ஆளில்லை. நிலம் மியான்மருடையது, முதல் சீனருடையது, மின்சாரம் தாய்லாந்திலிருந்து வந்தது.

தமிழகத்துக்கு இச்செய்தி பரவலாக எட்டியது 2022இல். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று துபாயிலும் இந்தியாவிலும் இருந்த ஏஜென்ட்கள் ஆள் பிடித்தனர். பாங்காக்கில் இறங்கியவர்களை மே சோட் வரை காரில் கொண்டுபோய், இரவில் ஆற்றைக் கடக்க வைத்தார்கள். அவர்களை மீட்கக் கோரி முதல்வர் மு.க. ஸ்டாலின் அந்தச் செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தனர். இலங்கை இளைஞர்கள் பலரும் இதே வழியில் மியாவடியில் சிக்கினர்.

உள்ளே போனதும் பாஸ்போர்ட் பறிக்கப்படும். தினம் 15, 16 மணி நேர வேலை. அழகான பெண்ணின் படத்தோடு போலிக் கணக்கு தொடங்கி, முன்பின் தெரியாதவரோடு வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, கடைசியில் போலி கிரிப்டோ முதலீட்டில் பணம் போட வைக்க வேண்டும். என்ன பேசுவது, எப்போது பேசுவது என்பதெல்லாம் எழுதித் தரப்பட்டிருக்கும். டார்கெட்டை எட்டாதவருக்கு அபராதம், பட்டினி, அடி, மின்னதிர்ச்சி. வெளியேற வேண்டுமானால் குடும்பம் ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். இல்லையென்றால் வேறொரு கும்பலுக்கு விற்றுவிடுவார்கள். இந்தியாவில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறித்த அழைப்புகளில் ஒரு பகுதி இத்தகைய இடங்களிலிருந்து வந்ததாக மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவு கண்டறிந்தது.

நடவடிக்கைகள் வந்த விதம் கவனிக்கத்தக்கது. சொந்தக் குடிமக்கள் சிக்கியதாலும் ஏமாந்ததாலும் பொறுமையிழந்த சீனா, 2023 அக்டோபரில் மூன்று கிளர்ச்சிப் படைகள் வட மியான்மரில் தொடுத்த தாக்குதலைத் தடுக்கவில்லை. 2024 ஜனவரியில் லௌக்காய் வீழ்ந்தது. அங்கே கோலோச்சிய மிங் குடும்பத்தையும் கூட்டாளிகளையும் சேர்ந்த 11 பேருக்கு 2025 செப்டம்பரில் சீன நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மியாவடிக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை. வாங் ஷிங் என்ற சீன நடிகர் 2025 ஜனவரியில் அங்கே கடத்தப்பட்டு, சீனச் சுற்றுலாப் பயணிகள் தாய்லாந்துப் பயணத்தை ரத்துசெய்யத் தொடங்கிய பிறகே, பிப்ரவரி 5 அன்று தாய்லாந்து எல்லைப் பகுதிகளுக்கு மின்சாரத்தையும் எரிபொருளையும் இணையத்தையும் நிறுத்தியது. அடைபட்டவர்களின் கதறல் மூன்று ஆண்டுகளாகச் செய்யாததைச் சுற்றுலா வருமானம் சில வாரங்களில் செய்தது. அடுத்த வாரங்களில் 7,000க்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். மார்ச்சில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் நாடு திரும்பினர். அப்படியும் தொழில் நிற்கவில்லை. அக்டோபரில் மியான்மர் ராணுவம் கேகே பார்க்கில் நுழைந்தபோது 1,500க்கும் மேற்பட்டோர் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடினர். அவர்களில் இந்தியர்கள் மட்டும் சுமார் 500 பேர்.

பிலிப்பைன்ஸ் 2024இல் வெளிநாட்டாருக்கான இணையச் சூதாட்ட நிறுவனங்களை முற்றிலும் தடைசெய்தது. பம்பான் நகர மேயராக இருந்த ஆலிஸ் குவோவுக்கு ஆள் கடத்தல் குற்றத்துக்காக 2025 நவம்பரில் ஆயுள் தண்டனை கிடைத்தது. கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் சென் ஜி இத்தகைய முகாம்களை நடத்தியதாக 2025 அக்டோபரில் குற்றம் சாட்டிய அமெரிக்கா, சுமார் 1,500 கோடி டாலர் மதிப்புள்ள 1,27,271 பிட்காயின்களைப் பறிமுதல் செய்ய வழக்குத் தொடுத்தது. 2026 ஜனவரியில் அவர் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார். கம்போடியாவில் 53 வளாகங்களை அடையாளம் கண்ட ஆம்னெஸ்டி, அரசு கண்டும் காணாமல் இருந்ததாகக் குற்றம் சாட்டியது.

அடைக்கப்பட்டவர் குற்றவாளியா, பாதிக்கப்பட்டவரா என்பது இன்னும் தீராத வழக்கு. 2000ஆம் ஆண்டின் ஐ.நா. ஆள் கடத்தல் நெறிமுறைப்படி, ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது. நடைமுறையில், தப்பி வந்தவர்களில் பலர் சட்டவிரோதக் குடியேறிகளாகத் தடுத்துவைக்கப்பட்டு, அபராதமும் கட்டியே ஊர் திரும்பியிருக்கிறார்கள்.