ஒரு சொட்டுக் கறுப்பு மை

எச்.ஐ.வி. நம் நாட்டில் இருப்பது முதலில் தெரியவந்தது சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். அதில் கிருமி இருந்தது.

எதிர்ப்புச் சக்தி வற்றியதும் வேறு கிருமிகள் மூளைக்குள் புகுந்துவிடும். காசநோய், டாக்சோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை ஆகியவை முக்கியமானவை. தொண்ணூறுகளில் ஒரு அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்த எனக்கு அதிகம் பழக்கமானது இந்தப் பூஞ்சைதான்.

புறா எச்சம் கலந்த மண்ணில் இது வாழும். மூச்சோடு உள்ளே போனாலும் நல்ல உடம்பை அநேகமாக ஒன்றும் செய்யாது. எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கோ வாரக்கணக்கில் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், கடைசியில் நினைவு தப்பிவிடும்.

கண்டுபிடிக்க முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும். 'கால் விளங்காமல் போய்விடும்' என்று உறவினர்கள் தடுப்பார்கள். உண்மையில் அந்த நீரை எடுத்தால்தான் மண்டைக்குள் ஏறிய அழுத்தம் குறையும், தலைவலி தணியும். ஊசியே பாதி வைத்தியம்.

அந்த நீரில் ஒரு சொட்டு 'இந்தியா இங்க்' கலப்போம். ஓவியர்களின் கரி மைதான். பூஞ்சையின் வழவழப்பான உறைக்குள் மை புகாது. மைக்ரோஸ்கோப்பில் இருட்டு வானத்து நிலா போல வெள்ளை வட்டம் தெரியும். சில நிமிட வேலை, சொற்பச் செலவு.

மருந்துதான் பெரும்பாடு. 1950-களிலேயே கண்டுபிடித்த ஆம்போடெரிசின்-பி மருந்தைத் தினமும் டிரிப்பில், 2 வாரம் வரை ஏற்ற வேண்டும். குளிர் நடுக்கம் வரும், சிறுநீரகம் கெடும். தேறி வீட்டுக்குப் போனவர்களுக்கும் நோய் திரும்பியது. காரணம், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 1996-லிருந்தே மேல்நாடுகளில் இருந்தும் நம் ஏழைகளுக்கு எட்டவில்லை. 2004 ஏப்ரல் 1 முதல்தான் அரசு அதை இலவசமாகத் தரத் தொடங்கியது.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பூஞ்சைக்கு வைத்தியம் ஆரம்பித்து 4 முதல் 6 வாரம் கழித்தே அந்த மருந்தைத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டால், திரும்பி வரும் எதிர்ப்புச் சக்தியே மூளையில் வீக்கத்தை உண்டாக்கி உயிருக்கு உலை வைக்கும்.

இன்று விரல்நுனி ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டால் 10 நிமிடத்தில் விடை, தலைவலி வருமுன்பே. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஆம்போடெரிசினின் புதிய வடிவத்தை ஒரே ஒரு தடவை ஏற்றி, 14 நாள் மாத்திரைகள் கொடுக்கப் பரிந்துரைத்தது.

நாங்கள் நோயைச் சில நிமிடத்தில் கண்டுபிடித்தோம். வைத்தியம் எளிதாக இத்தனை வருஷம் ஆயிற்று. அந்த இடைவெளியில் போனவர்களில் பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள்.