குளத்தில் கெண்டை மீனை முட்டையிட வைத்த ஆராய்ச்சி: மீன் வளர்ப்போர் அறிய வேண்டியவை

குளத்தில் மீன் வளர்க்கும் விவசாயிகளுக்கு இன்று கெண்டைக் குஞ்சு கிடைப்பது அரிதல்ல. எழுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். மழைக்கால வெள்ளத்தில்தான் முட்டையிடும். குளத்தில் வளர்த்தால் சினை பிடிக்கும், ஆனால் முட்டையிடாது. எனவே கங்கை போன்ற ஆறுகளில் வெள்ள நேரத்தில் வலை கட்டிக் குஞ்சுகளைச் சேகரித்தார்கள். அவற்றோடு மற்ற மீன்களைத் தின்னும் மீன்களின் குஞ்சுகளும் களை மீன் குஞ்சுகளும் கலந்து வந்தன. சிறு குஞ்சில் இனம் பிரிப்பது கடினம். வாங்கி விட்டவருக்கு அறுவடையில்தான் நட்டம் தெரியும்.

சௌத்ரியின் கண்டுபிடிப்பு

இதற்கு வழி கண்டவர் விஞ்ஞானி டாக்டர் ஹீராலால் சௌத்ரி. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் முட்டையிடுவதைத் தூண்டுகிறது. தேங்கிய குளத்தில் அந்தத் தூண்டுதல் போதுமான அளவு கிடைப்பதில்லை. முதிர்ந்த கெண்டையின் தலையிலிருந்து இந்தச் சுரப்பியை எடுத்து, அதன் சாற்றைச் சினை மீனுக்கு ஊசி மூலம் செலுத்தினார். 1957 ஜூலை 10 அன்று ஒடிசா மாநிலம் அங்குலில், சக விஞ்ஞானி கே.எச். அலிகுன்ஹியுடன் செய்த முயற்சியில் குளத்து மீன்கள் முட்டையிட்டன. அந்த நாளே இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினம். இன்று பல பொரிப்பகங்களில் சுரப்பிச் சாற்றுக்குப் பதில் செயற்கை ஹார்மோன் ஊசி பயன்படுகிறது.

ஊசி மட்டும் போதாது

ஊசி முட்டையை உருவாக்காது. வளர்ந்து தயாராக இருக்கும் முட்டையை முதிரச் செய்து வெளிவர வைக்கும், அவ்வளவுதான். பொரித்து வந்த குஞ்சு முதல் மூன்று நாள் தன் வயிற்றுப் பையில் உள்ள மஞ்சள் கருவில்தான் வாழ்கிறது. அந்தக் கரு தாய் தின்ற தீவனத்திலிருந்து வருவது. தாய்க்குப் புரதமும் வைட்டமினும் குறைந்தால் முட்டை குறையும், பொரிப்புத் திறன் குறையும், குஞ்சு நலிந்து பிறக்கும். அளவுக்கு மீறித் தீவனம் கொடுத்தாலும் கெடுதல்தான். வயிற்றில் கொழுப்பு சேர்ந்து முட்டையிடத் தடையாகும். சினை மீன் தீவனத்தில் 25 முதல் 30 சதவீதம் புரதம் இருப்பது நல்லது.

குஞ்சு வாங்கும்போது கவனிக்க

* தாய் மீன்களுக்கு என்ன தீவனம் கொடுக்கிறார்கள், அவற்றை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே குடும்பத்து மீன்களையே தொடர்ந்து இனப்பெருக்கம் செய்தால் வளர்ச்சி குறையும்.
* இனங்களைத் தனித்தனியே முட்டையிட வைக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒரே தொட்டியில் விட்டால் கலப்பினக் குஞ்சுகள் வரும்.
* ஒரு பாத்திரத்தில் குஞ்சுகளை விட்டுத் தண்ணீரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். திடமான குஞ்சு சுழலை எதிர்த்து நீந்தும். நலிந்தவை நடுவில் ஒதுங்கும்.
* குளத்தில் விடும் முன் பையை 15 முதல் 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்த பிறகு திறந்து விடுங்கள். காலை அல்லது மாலை நேரமே ஏற்றது.

வளர்ப்புக் குளத்தில் தீவனம்

ஏக்கருக்குச் சுமார் 2,000 விரலளவுக் குஞ்சுகள் விடலாம். மேல்மட்டத்தில் மேயும் கட்லா 4 பங்கு, நடுமட்டத்தில் மேயும் ரோகு 3 பங்கு, அடிமட்டத்தில் மேயும் மிர்கால் 3 பங்கு என்ற கணக்கில் விட்டால் குளத்து இரை வீணாகாது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, குளத்திலுள்ள மீன்களின் மொத்த எடையில் 2 முதல் 3 சதவீதம் தினமும் கொடுக்கலாம். துளையிட்ட சாக்குப் பையில் கட்டிக் கம்பில் தொங்கவிட்டால் சேதாரம் குறையும். மாதம் ஒருமுறை வலை போட்டுச் சில மீன்களை எடை பார்த்து, தீவன அளவை மாற்றுங்கள். மேகமூட்டமான நாளிலும், மீன்கள் அதிகாலையில் மேலே வந்து வாய் பிளக்கும் நாளிலும் தீவனத்தை நிறுத்தி வையுங்கள். தின்னாமல் தங்கும் தீவனம் அழுகி, நீரில் உள்ள ஆக்சிஜனைக் குறைத்துவிடும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று நலிந்த குஞ்சை வாங்கினால், பிறகு எவ்வளவு தீவனம் போட்டாலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. பொரிப்பகத்தை நேரில் பார்த்து, தாய் மீனைப் பற்றி விசாரித்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள மீன்வளத்துறை அலுவலகம் அல்லது வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.