நள்ளிரவுத் தந்தியும் விருப்பப் பட்டியலும்: பயிற்சி மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்ட வரலாறு

1949ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. பயிற்சி மருத்துவர் பணிக்கான அழைப்பை மருத்துவமனைகள் நவம்பர் 15 அன்று நள்ளிரவு 12.01 மணிக்குத் தந்தி மூலம் அனுப்பலாம்; அதைப் பெறும் மாணவர் அன்று நண்பகல் வரை யோசித்து விடை அளிக்கலாம். மொத்தம் 12 மணி நேர அவகாசம். அது மிக நீண்ட அவகாசம் என்று அமெரிக்க மருத்துவமனைகளின் சங்கம் மறுத்துவிட்டது. இறுதியில் இரு தரப்பும் ஏற்ற தீர்மானத்தில், 12.01க்குப் பிறகு எவ்வளவு நேரமும் காத்திருக்கவேண்டிய கடப்பாடு மருத்துவமனைக்கு இல்லை என்றே எழுதப்பட்டது. அதாவது, வாழ்வின் அடுத்த ஓராண்டை எந்த ஊரில், எந்த வார்டில், யாருக்குக் கீழே கழிப்பது என்பதை ஒரு மாணவர் உறக்கக் கலக்கத்தில் சில நிமிடங்களுக்குள் முடிவு செய்யவேண்டும்.

இந்த விந்தையான நிலை எப்படி உருவாயிற்று என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். மருத்துவ மாணவரை நோயாளியின் கட்டிலருகே கொண்டுசெல்லும் உரிமை ஒருபோதும் எல்லோருக்கும் ஒரே வழியில் கிட்டியதில்லை. லண்டன் மருத்துவமனைகளில் மருந்து மருத்துவரிடம் இணைந்து நோய்க்குறிப்பு எழுதியவர் 'கிளார்க்'; அறுவை மருத்துவரிடம் இணைந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் 'டிரெஸ்ஸர்'. இன்று அமெரிக்காவில் மாணவரின் வார்டுப் பயிற்சிக்கு 'கிளார்க்ஷிப்' என்று வழங்கும் பெயரில் அந்தப் பழைய எழுத்தரின் பேனா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரெஸ்ஸர் இடத்துக்குப் பொது மாணவர் செலுத்தியதைவிடக் கூடுதல் கட்டணம் உண்டு. கவிஞர் ஜான் கீட்ஸ் 1816இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் அத்தகைய டிரெஸ்ஸராகப் பணியாற்றியவர். அங்கே வார்டுக்குள் செல்லும் வழியைத் திறந்தவை பணமும் பரிந்துரையுமே.

பாரிஸ் வேறொரு வழியைத் தேர்ந்தது. புரட்சிக்குப் பிந்தைய பிரான்சில், 1802இல் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறையின்படி, நகர மருத்துவமனைகளின் மாணவர் பதவிகள் போட்டித் தேர்வு மூலம் நிரப்பப்பட்டன. வெளியிலிருந்து வந்துபோனவர் 'எக்ஸ்டெர்ன்'. மருத்துவமனைக்குள்ளேயே தங்கியவர் 'இன்டெர்ன்'. உலகெங்கும் இன்று வழங்கும் சொல்லுக்கு இதுவே மூலம். அதன் முதற்பொருள் 'உள்ளிருப்பவர்' என்பதே. இந்தியாவில் 'கட்டாயச் சுழற்சி உறைவிடப் பயிற்சி' என்று பொருள்படும் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற அலுவல் பெயரில் 'உறைவிட' என்னும் அடை எதற்காக அமர்ந்திருக்கிறது என்று வியப்பவர்களுக்கு விடை அந்தச் சொல்லில் இருக்கிறது. விடுதி அறை கிடைக்காத பயிற்சி மருத்துவருக்கும் அந்த அடைமொழி தவறாமல் கிடைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் வார்டுப் பயிற்சியைப் பாடத்திட்டத்தின் நடுவே வைத்தவர் வில்லியம் ஆஸ்லர். 1893இல் மாணவரைச் சேர்க்கத் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் அவர் மாணவருக்குக் கட்டில்களைப் பகிர்ந்தளித்தார். அந்தக் கட்டில்களில் கிடந்த நோயாளிகளின் வரலாறு, பரிசோதனை, அன்றாட மாற்றம் அனைத்தும் மாணவரின் பொறுப்பு. 1910இல் வெளியான பிளெக்ஸ்னர் அறிக்கை இத்தகைய பயிற்சியற்ற கல்லூரிகளைக் கடுமையாகச் சாடியபின், வார்டுப் பயிற்சி எங்கும் வழக்கமாயிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரே கல்லூரிக்குள் மாணவர் மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் என்று சுழலும்போது எல்லோரும் எல்லாத் துறைக்கும் போகிறார்கள்; தகராறு எழுந்தால் அது யார் முன்னே யார் பின்னே என்பதைப் பற்றியதே. ஆகையால் சீட்டுக் குலுக்கலோ, நம் கல்லூரிகளில் போல வரிசை எண்படி பிரித்த 'பேட்ச்'சோ போதுமானதாகிறது. பட்டம் பெற்றபின் செல்லும் பயிற்சி அப்படியன்று. ஒருவர் போகும் இடத்துக்கு மற்றவர் போக முடியாது. மருத்துவமனைகளுக்கும் விருப்பம் உண்டு, மாணவர்க்கும் உண்டு. இரண்டும் முரண்படும்போது யாருடைய விருப்பத்துக்கு முன்னுரிமை என்ற கேள்வி தவிர்க்க இயலாதது.

அமெரிக்காவில் அந்த முரண் கடுமையாயிற்று. காரணம் எளிது: பயிற்சி இடங்கள் மிகுதி, மாணவர் குறைவு. 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 6,000 மாணவர்க்கு 10,000க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன. பயிற்சி மருத்துவர் என்றால் குறைந்த செலவில் இரவுபகலாக உழைக்கும் கை. அந்தக் கையை அடுத்த மருத்துவமனை பிடிக்குமுன் பிடித்துவிட ஒவ்வொன்றும் முந்தியது. முந்தியதை முந்த மற்றொன்று முந்தியது. 1944 வாக்கில் சில நியமனங்கள் பணியில் சேர்வதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்னரே முடிந்துவிட்டன. வார்டில் இன்னும் கால் பதிக்காத மாணவரின் திறனை எதைக்கொண்டு அளந்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

1945இல் கல்லூரிகள் ஒரு தடையைக் கொண்டுவந்தன. குறிப்பிட்ட தேதிக்கு முன் மாணவரின் மதிப்பெண் சான்றையோ பரிந்துரைக் கடிதத்தையோ வெளியிடுவதில்லை என்று கூட்டாக முடிவெடுத்தன. தேதி கட்டுக்குள் வந்தது. ஆனால் போட்டி மறையவில்லை. அது மாதங்களிலிருந்து மணிகளுக்குள் இடம்பெயர்ந்தது. இரண்டாம் விருப்பமான மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்த மாணவர், முதல் விருப்பத்தின் காத்திருப்போர் பட்டியல் நகருமா என்று பார்க்க அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தடித்தார். கடைசி நேரத்தில் அவர் மறுத்தால், அந்த மருத்துவமனை விரும்பிய அடுத்தவர் அதற்குள் வேறிடம் சேர்ந்திருப்பார். ஆகவே அவகாசத்தைக் குறைத்தார்கள். 1945இல் 10 நாள். 1949இல் அரை நாளும் அதிகம்.

பத்தே நிமிடத்தில் ஒருவரை 'ஆம்' சொல்லவைக்கும் அமைப்பில் யாருக்கு ஆதாயம் என்று கேட்டால், உடனே மருத்துவமனைகளைச் சுட்டத் தோன்றும். உண்மையில் அவையும் சலித்துப்போயிருந்தன. எனவே மையக் குழு ஒன்றின் வழியே இணைக்கும் திட்டம் 1950இல் முன்மொழியப்பட்டது. மாணவர் தம் விருப்பப் பட்டியலை அனுப்புவர். மருத்துவமனைகள் தாம் விரும்பும் மாணவரின் தரவரிசையை அனுப்பும். குழு இரண்டையும் பொருத்திப் பார்த்து இணைக்கும். 1950-51இல் ஒரு வெள்ளோட்டமும் நடந்தது.

வெள்ளோட்டத்தின் விதிகளை ஊன்றிப் படித்தவர்கள் மாணவர்கள். முதலில் இரு தரப்பும் ஒருவரையொருவர் முதலிடத்தில் வைத்த இணைகள் முடிக்கப்படும். பிறகே அடுத்த நிலை விருப்பங்கள் பார்க்கப்படும். இதிலிருந்த பொறி நுட்பமானது. ஒரு மாணவி புகழ்பெற்ற மருத்துவமனை ஒன்றை முதலில் எழுதி, அது கிட்டவில்லை என்று கொள்வோம். அவளுடைய இரண்டாம் விருப்பத்தைக் குழு பார்க்கும்போது அந்த இடம் ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருக்கலாம். அந்த மருத்துவமனை அவரைவிட அவளையே மேலாக மதித்திருந்தபோதிலும், அவர் அதை முதலில் எழுதினார் என்ற ஒரே காரணத்தால் போயிருக்கலாம். மனத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியவருக்குத் தண்டனை. கணக்குப் போட்டு எழுதியவருக்குப் பரிசு.

1951 அக்டோபரில் மாணவர் குழு ஒன்று உருவாயிற்று. அதன் தலைமையில் இருந்தவர் ஹார்வர்டு மருத்துவ மாணவர் ஹார்டி ஹெண்ட்ரென்; பிற்காலத்தில் பாஸ்டனில் குழந்தைகள் அறுவை மருத்துவராகப் பெரும்புகழ் பெற்றவர். பாஸ்டன் மருத்துவமனைகள் சில தமக்குள் கையாண்டுவந்த வேறொரு முறையை அக்குழு மாற்றாக முன்வைத்தது. பட்டம் கூடப் பெறாத மாணவர்கள் எழுப்பிய எதிர்ப்பு அது. அதற்கு மையக் குழு இணங்கியது என்பது அந்தத் துறையின் படிநிலைப் பண்பாட்டை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும். 1952இல் நாடு தழுவிய முதல் இணைப்பு மாணவர் கேட்ட முறையிலேயே நடந்தது.

அந்த முறை என்ன செய்தது என்பதைக் கணித மொழியில் சொல்ல மேலும் பத்தாண்டு ஆயிற்று. 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் உவமையாகக் கொண்டு ஒரு சிறு கட்டுரை எழுதினர். மருத்துவமனைகள் அழைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் தன் பட்டியலில் மேலே உள்ளவர்களை அழைக்கும். வந்த அழைப்புகளில் சிறந்ததை மாணவர் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை மறுப்பார். மறுக்கப்பட்ட மருத்துவமனை பட்டியலில் அடுத்தவரை அழைக்கும். மேலான அழைப்பு வந்தால் மாணவர் கையிலிருப்பதை விட்டுவிடலாம். புதிய அழைப்பு எதுவும் இல்லாத கட்டத்தில் எல்லா ஏற்பும் உறுதியாகும். முடிவில், தத்தம் இடத்தைக் கைவிட்டு ஒருவரோடொருவர் சேர்ந்துகொள்ள விரும்பும் மாணவரும் மருத்துவமனையும் எங்குமே இருக்கமாட்டார்கள். இதையே 'நிலைத்த இணைப்பு' என்கிறோம். தந்திக் காலத்தில் எந்தச் செயல் குற்றமாகக் கருதப்பட்டதோ, அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருத்தல், அதுவே இங்கு முறையின் உயிர்நாடி. காத்திருத்தல் காகிதத்தில் நடப்பதால் எவருக்கும் நாள் வீணாவதில்லை.

1984இல் பொருளியலாளர் ஆல்வின் ராத், 1952 முதல் மருத்துவர்கள் பயன்படுத்திவந்த முறையும் கேல்–ஷாப்லி முறையும் விளைவில் ஒன்றே என்று காட்டினார். கூடவே மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. நிலைத்த இணைப்புகள் பல இருக்கக்கூடும். அழைக்கும் தரப்புக்கே அவற்றுள் மிகச் சிறந்தது வாய்க்கும். அமெரிக்க முறையில் அழைத்தவை மருத்துவமனைகள். மாணவர் போராடிப் பெற்ற முறை நிலைத்ததாக இருந்தது; ஆனால் நிலைத்தவற்றுள் அது மருத்துவமனைகளுக்குச் சாதகமான முனையில் நின்றது. அன்றைய மாணவரைக் குறைசொல்ல இடமில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்குரிய தேற்றம் அப்போது பிறக்கவே இல்லை.

அதற்கிடையே வேறொரு விரிசல் தோன்றியிருந்தது. 1970களில் மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். கணவனும் மனைவியும் ஒரே ஆண்டில் பயிற்சி தேடுவது இயல்பாயிற்று. அவர்களுக்கு வகுத்த விதியைப் படித்தால் அக்காலத்தின் மனநிலை விளங்கும். கல்லூரி முதல்வர் அவர்களை இணையர் என்று சான்றளிக்கவேண்டும். இருவருள் ஒருவரை 'முன்னிற்பவர்' என்று அறிவிக்கவேண்டும். முன்னிற்பவருக்கு முதலில் இடம் ஒதுக்கியபின், மற்றவரின் பட்டியலிலிருந்து தொலைவான ஊர்கள் நீக்கப்படும். இணையருக்கு வேண்டியது இரண்டு தனி வேலைகள் அல்ல, ஒரு சோடி வேலை என்பது அந்த விதிக்கு எட்டவில்லை. விளைவு, பலர் அமைப்பைத் தவிர்த்து நேரடியாக மருத்துவமனைகளோடு பேசி முடித்துக்கொண்டனர். 1980களில்தான் சோடிகளாகவே வரிசைப்படுத்த அனுமதி வந்தது. அதிலும் ஒரு சிக்கல்: இணையர் உள்ள சந்தையில் நிலைத்த இணைப்பு என்ற ஒன்று இல்லாமலே போகக்கூடும் என்று ராத் நிறுவினார்.

1990களின் நடுவில் மாணவர் அமைப்புகள் மீண்டும் கேள்வி எழுப்பின. ராத்தும் எலியட் பெரான்சனும் முறையைத் திருப்பி வடிவமைத்தனர். 1998 முதல் அழைப்பு விண்ணப்பதாரர் பக்கத்திலிருந்து புறப்படுகிறது. பழைய ஆண்டுகளின் பட்டியல்களைப் புதிய முறையில் ஓட்டிப் பார்த்தபோது, இடம் மாறியவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர் அளவே. எனவே அது வெற்று மாற்றம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த வாதம் முழுமையானதன்று. விண்ணப்பதாரர் அழைக்கும் முறையில் (இணையர் சிக்கல் ஒருபுறமிருக்க) உள்ளதை உள்ளபடி எழுதுவதால் மாணவருக்கு இழப்பு வராது. ஒரு மாணவர் தன் பட்டியலை அச்சமின்றி எழுதலாம் என்பது எண்ணிக்கையில் அடங்கும் பயன் அல்ல. 1951இல் ஹெண்ட்ரெனின் குழு கேட்டதும் அதுவே.

இந்த முறைக்கு வாய்த்த சிறந்த சோதனைக்கூடம் பிரிட்டன். 1960களின் பிற்பகுதி முதல் அங்கு ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனி முறையை வகுத்துக்கொண்டது. நியூகாசிலும் பர்மிங்காமும் இரு தரப்பு வரிசை எண்களைப் பெருக்கி, பெருக்குத்தொகை குறைந்த இணையை முதலில் முடித்தன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலைத்தன்மை இல்லை, மாணவரும் மருத்துவர்களும் முன்கூட்டியே தமக்குள் பேசி ஒருவரையொருவர் முதலிடத்தில் எழுதத் தொடங்கினர், இரண்டும் கைவிடப்பட்டன. எடின்பரோவும் கார்டிப்பும் நிலைத்த முறையை ஏற்று நீடித்தன. கேம்பிரிட்ஜிலும் லண்டன் மருத்துவமனையிலும் நிலையற்ற முறைகளும் நீடித்தன. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு வட்டத்தில் வாக்கு மீறுவது எளிதன்று என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

அமெரிக்க முறை எல்லா வினாவுக்கும் விடையளித்துவிடவில்லை. 2002இல் பயிற்சி மருத்துவர் சிலர், இந்த இணைப்பு ஊதியப் பேரத்தை ஒழித்துச் சம்பளத்தைத் தாழ்த்தி வைக்கிறது என்று போட்டித் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தனர். வழக்கு தீரும்முன், 2004இல் நாடாளுமன்றம் ஓய்வூதியம் பற்றிய சட்டமொன்றில் ஒரு பிரிவைச் சேர்த்து அதற்கு விலக்கு அளித்தது. ராத்தும் ஷாப்லியும் 2012இல் பொருளியல் நோபல் பெற்றனர். கேல் 2008இலேயே மறைந்திருந்தார். இந்தியக் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்கள் உட்பட உலகெங்கிலுமிருந்து வரும் மருத்துவர்கள் இன்று ஆண்டுதோறும் மார்ச் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் அந்த முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்தியா சென்ற பாதை பாரிஸின் பாதைக்கு நெருக்கமானது. முதுநிலை இடங்களைப் பொறுத்தவரை இங்கு மருத்துவமனைக்குத் தனி விருப்பம் என்று ஒன்றில்லை. நீட் ரேங்க்கும் இட ஒதுக்கீடும் வரிசையை முடிவுசெய்கின்றன, வரிசையில் முன்நிற்பவர் முதலில் தேர்கிறார். பரிந்துரைக் கடிதத்துக்கும் நேர்காணலுக்கும் இடமில்லாத இம்முறை, சாதியும் செல்வாக்கும் எங்கும் நுழையும் ஒரு சமூகத்தில் சிறிய காவலன்று. ஆனால் அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்தியக் கலந்தாய்வுக்கும் மறுபாதி மாநிலக் கலந்தாய்வுக்கும் செல்கின்றன. இரண்டும் தனித்தனியே, சுற்றுச் சுற்றாக நடக்கின்றன. ஒன்றில் கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றொன்றின் அடுத்த சுற்றைப் பார்த்திருக்கும் மாணவரும், அவர் விட்டபின் யாருக்கும் எட்டாமல் எஞ்சும் இடமும், அந்த இடங்களுக்கென்றே நடக்கும் இறுதிச் சுற்றும் ஒவ்வோராண்டும் காணக்கூடியவை.