இரணைமடுக் குடியேற்றமும் காணிப் பகுப்பும்

கனகராயன் ஆறு வன்னிக் காடுகளினூடே வடக்கு நோக்கி ஓடிச் சுண்டிக்குளக் கடனீரேரியிற் கலக்கின்றது. அவ்வாற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளமே கிளிநொச்சிப் பட்டினத்தைத் தோற்றுவித்தது எனின் மிகையாகாது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1885 இல் திட்டம் வரைந்தார். 1902 இல் தொடங்கிய வேலை 1920 ஆம் ஆண்டளவிலேயே நிறைவெய்தியது. இரணை என்பது இரட்டை. முன்னிருந்த இரு மடுக்களைப் பெயர் இன்றும் உணர்த்துகின்றது.

நீர் வந்தபின் மக்கள் வருதல் வேண்டுமன்றோ? யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, தலைமுறைதோறும் முதுசொமாகவும் சீதனமாகவும் துண்டாடப்பட்ட நிலம் பரப்புக் கணக்கினின்றும் குழிக் கணக்கிற்கு இறங்கியிருந்தது. அந்நெருக்கடியைத் தணித்தற்பொருட்டு 1930களில் இரணைமடுவின் கீழ்க் குடியேற்றம் தொடங்கிற்று. வாய்க்கால் நீர் எட்டும் தாழ்நிலம் நெல்லுக்கும், எட்டாத மேட்டுநிலம் வீட்டுக்கும் தோட்டத்துக்குமென வகுக்கப்பட்டன. நிலவகுப்பு என்ற அளவில் இது செவ்விய முறையே. இடர்ப்பாடு நிலத்திலன்று, சட்டத்திலே தோன்றியது.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், நிலம் துண்டாடப்படுதலையே பெருந்தீங்கெனக் கருதியது. அரசு வழங்கிய காணியை விரும்பியவாறு பிரித்தலும் விற்றலும் தடுக்கப்பட்டன. பின்னுரித்தாளியின் பெயரைக் குறியாது ஒருவர் இறப்பின், வாழ்க்கைத்துணையின் காலத்தின் பின் புதல்வியர்க்கு முன்னர்ப் புதல்வரும், இளையோர்க்கு முன்னர் மூத்தோரும் உரிமை பெற்றனர். குடியேறியோர் தம்முடன் கொணர்ந்ததோ தேசவழமை. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த அவ்வழமையிற் சீதனம் பெண்மக்களுக்குரியது. ஆகவே, மகளின் கலியாணத்தின்போது தந்தை மேட்டுக்காணியில் ஒரு துண்டை அளந்து வேலியடைத்துக் கொடுத்தான். மருமகன் ஆங்கே வீடு கட்டினான். பதிவேட்டிற் காணி ஒன்றே; வேலிக் கணக்கில் மூன்று, நான்கு. வரைபடங் காணாத ஊரொன்று இவ்வாறு வளர்ந்தது. குற்றம் எவருடையது? வழமையை அறியாது சட்டம் வகுத்தோரையே முதலிற் சுட்டுதல் தகும்.

2008 இன் இறுதியிற் கிளிநொச்சி மக்கள் போரினால் முற்றாக இடம்பெயர்ந்தனர். 2009 இற்குப் பின் மீண்டோர் பலரிடம் பெர்மிட் இல்லை. பதிவிற் பெயரில்லாத மகளுக்கு வேலியொன்றே சான்று, அதுவும் அழிந்திருந்தது. வீட்டுத்திட்ட உதவியோ காணியுரித்தைக் காட்டுமாறு வேண்டிற்று. 2013 இல் வெளிவந்த காணி ஆணையாளர் நாயகத்தின் சுற்றறிக்கை, இழந்த ஆவணங்களுக்கும் உரிமைப் பிணக்குகளுக்கும் வழி காட்ட முற்பட்டது. ஆண்மக்களின் முந்துரிமை 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே நீங்கியது. அதற்குள் பாட்டனார் பெயரில் நின்ற காணிகளிற் பேரர்கள் வீடு கட்டிவிட்டனர்.