இதயமுடுக்கியும் அதன் மின்சாரமும்

இதயத்தின் வலது மேலறையில் அமைந்த சைனஸ் கணு என்னும் சிறு திசுத்திரளே ஒவ்வொரு துடிப்புக்கும் உரிய மின்தூண்டலை எழுப்புகிறது. அத்தூண்டல் கீழறைகளை எட்டாமல் இடைவழியில் தடைப்பட்டுப்போவதை மருத்துவர்கள் 'ஹார்ட் பிளாக்' என்பர். அந்நிலை முற்றினால் நாடி நிமிடத்துக்கு 30 அல்லது 40 என இறங்கி, நோயாளி நினைவிழந்து விழுவதும் சில வேளைகளில் மீளாமலே போவதும் உண்டு. வெளியிலிருந்து மின்னதிர்வு கொடுத்து இதயத்தைத் துடிக்கவைக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று; நியூயார்க் மருத்துவர் ஆல்பர்ட் ஹைமன், கைப்பிடியைச் சுற்றி வில்சுருளை முறுக்கி இயக்கும் கருவி ஒன்றை 1932இலேயே விவரித்திருந்தார். ஆயினும் ஒருமுறை முறுக்கினால் அது சில நிமிடங்களே ஓடியது. கருத்துக்குப் பஞ்சமில்லாத இத்துறையில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வழிமறித்து நின்றது, இடைவிடாத மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வியே.

பாஸ்டனில் பால் சோல் 1952இல் மார்பின் மேல் மின்முனைகளைப் பொருத்தி, சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவியால் நோயாளிகளைப் பிழைக்கவைத்தார். தோல் புண்ணாகும் வலியும், மின்கம்பியின் நீளத்துக்குள் அடைபட்ட வாழ்வும் அதற்கு விலையாயின. மினியாபொலிஸில் வால்டன் லில்லெஹை, பிறவி இதயக்குறைக்கு அறுவை செய்யப்பட்ட குழந்தைகளின் இதயத் தசையிலேயே மெல்லிய கம்பியைச் செருகியதால் குறைந்த மின்னழுத்தமே போதுமானதாயிற்று. ஆனால் கருவி சுவரை விட்டு நகரவில்லை. 1957 அக்டோபர் 31 அன்று அந்நகரில் மின்தடை ஏற்பட்ட பின்னரே, மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த ஏர்ல் பேக்கன் என்பவரிடம் மின்கலத்தில் இயங்கும் கருவி கேட்கப்பட்டது. இசைப் பயிற்சியில் தாளம் காட்டும் மெட்ரோனோமுக்காக ஒரு மின்னணுவியல் இதழில் வெளியான சுற்றமைப்பை அவர் சில வாரங்களில் மாற்றியமைத்துத் தந்தார்.

இதயமுடுக்கியை உடலுக்குள்ளேயே புதைக்கும் முயற்சி ஸ்வீடனில் முதன்முதலாக நிறைவேறியது. 1958 அக்டோபர் 8 அன்று கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட் வடிவமைத்த கருவியை ஆர்னே லார்சன் என்னும் 43 வயது நோயாளியின் வயிற்றுச் சுவரில் பொருத்தினார். இரண்டு டிரான்சிஸ்டர்களும் நிக்கல்-காட்மியம் மின்கலங்களும் கொண்ட அச்சுற்றமைப்பின் மீது எப்பாக்சி பிசினை ஊற்றி இறுகச்செய்ய அச்சாக உதவியது, காலணிப் பாலிஷ் அடைத்துவந்த தகரக் குப்பி. தோலுக்கு வெளியே வைத்த கம்பிச்சுருளின் தூண்டலால் கலங்களுக்கு மின்னேற்றம் செய்யவேண்டியிருந்தது. முதற்கருவி சில மணி நேரத்திலேயே ஓய்ந்தது. மாற்றிவைத்ததும் நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் பிற்காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை அடுத்தடுத்துப் பெற்ற லார்சன் 2001 வரை வாழ்ந்தார் என்பதை நோக்க, அந்த முதல் முயற்சியைத் தோல்வி எனத் தள்ளிவிட இயலாது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் பொறியாளர் வில்சன் கிரேட்பேட்ச், இதய ஒலியைப் பதிவுசெய்ய முனைந்த சுற்றமைப்பில் தவறான மின்தடையத்தைப் பொருத்திவிட, அது இதயத்துடிப்பை ஒத்த இடைவெளியில் மின்னதிர்வுகளை எழுப்பிய கதை பலகாலும் சொல்லப்படுவது. அதனினும் பெரிய அவருடைய பணி மின்கலம் பற்றியது என்றே கொள்ளவேண்டும். அறுவை மருத்துவர் வில்லியம் சார்டாக்குடன் சேர்ந்து 1960 முதல் நோயாளிகளுக்குப் பொருத்திய கருவிகளில் பாதரச-துத்தநாகக் கலங்கள் இருந்தன. அவை ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்டமையால் உறையை முழுதும் மூட முடியவில்லை. பிசினின் வழியே உடலின் ஈரம் கசிந்து சுற்றமைப்பைக் கெடுத்தது. இரண்டாண்டு அளவிலேயே மறுபடி அறுவை தேவைப்பட்டது. 1970இல் பாரிஸில் புளூட்டோனியத்தின் வெப்பத்தை மின்சாரமாக்கும் அணுக்கருவியும் பொருத்தப்பட்டது. பல ஆண்டுகள் உழைக்கவல்லதாயினும், நோயாளி இறந்தபின் கதிரியக்கப் பொருளைத் தேடிப்பெற்றாகவேண்டும் என்ற கட்டாயம் அதனைப் பரவவிடவில்லை. கிரேட்பேட்சின் முயற்சியால் 1972இல் பயன்பாட்டுக்கு வந்த லித்தியம்-அயோடின் கலமோ வாயு எதையும் வெளியிடாதது. ஆதலால் கருவி முழுவதையும் டைட்டானிய உறைக்குள் காற்றுப்புகாமல் அடைக்க முடிந்தது, அதன் ஆயுளும் பல ஆண்டுகளாக நீண்டது.

அவ்வாறு இறுக மூடிய கலம் தகனத்தின் வெப்பத்தில் வெடிக்கக்கூடியது என்பதால், உடலை எரியூட்டுமுன் கருவியை அகற்றும் நடைமுறை பல நாடுகளில் ஏற்பட்டுள்ளது. அகற்றிய கருவிகளுள் மின்னாற்றல் மிச்சமுள்ளவற்றைத் தூய்மைப்படுத்தி, புதியது வாங்க வசதியற்ற நோயாளிகளுக்குப் பொருத்தும் முயற்சிகளும் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் நடந்துள்ளன.