பாரீஸ் கண்ட ஓசேஜ் மக்கள்

1827-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27-ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தை அடைந்தபோது, அதிலிருந்து இறங்கிய நான்கு ஆடவரையும் இரண்டு பெண்டிரையும் கண்ணாரக் காண வேண்டுமென்று ஜனங்கள் கரையெங்கும் நெருக்கியடித்து நின்றார்கள். அறுவரும் மிசௌரி நதிக்குத் தெற்கே காடுகளிலும் புல்வெளிகளிலும் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த ஓசேஜ் இனத்தவர். அவர்களுக்குத் தலைவர் கிஹேகஷூகா என்பவர்.

ஓசேஜ் மக்களுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இருந்த சிநேகம் புதியதன்று. செயின்ட் லூயி நகரத்துப் பிரெஞ்சு வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் தோல் வாங்கி வந்தார்கள். 1725-லேயே பதினைந்தாம் லூயியின் தலைநகரைப் பார்த்து வந்த பூர்வகுடித் தூதர்களில் ஓசேஜ் ஒருவரும் உண்டு. 1803-ல், ஓசேஜ் பூமியும் அடங்கிய லூயிசியானாவைப் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டது. அதன் பிறகு 1808, 1825 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் பரந்த பூமியையெல்லாம் இழந்து, மேற்கே ஒதுக்கப்பட்ட நிலத்துக்குச் செல்ல வேண்டியவர்களானார்கள் ஓசேஜ் மக்கள். அந்த நிலையில் பழைய நண்பரின் தேசத்தைக் காணப் புறப்பட்டதில், வேடிக்கை பார்க்கும் ஆசையைக் காட்டிலும் கனமானதொரு நோக்கம் இருந்திருக்க வேண்டுமென்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரயாணச் செலவுக்கென்று அவர்கள் சேர்த்து வைத்த தோல்கள், மிசௌரியில் தெப்பம் கவிழ்ந்து நீரோடு போயின என்று அக்காலத்துப் பிரெஞ்சு நூல்கள் கூறுகின்றன. பாதிப் பேர் ஊர் திரும்பிவிட, எஞ்சிய அறுவர், செயின்ட் லூயியில் குடியேறியிருந்த டேவிட் தெலோனே என்ற பிரெஞ்சுக்காரரை நம்பிக் கப்பலேறினார்கள். பின்னால் நேர்ந்த துன்பங்களுக்கெல்லாம் தெலோனேயின் பேராசையே காரணம் என்பார் பலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் விற்பதற்குத் தோல் கையிலிருந்திருந்தால், அவர்கள் தங்கள் உருவத்தையே காட்சிப் பொருளாக்கிக்கொள்ள நேர்ந்திராது.

முதற் சில வாரங்கள் அவர்களுக்கு ராஜோபசாரமாகவே கழிந்தன. ஆகஸ்ட் 21-ஆம் தேதி பத்தாம் சார்லஸ் மன்னர் சேன் க்ளூ அரண்மனையில் அவர்களை வரவேற்றார். ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன் அதே இடத்தில் அதே மன்னர் வேறொரு விசேஷ விருந்தினரைப் பார்த்திருந்தார்: எகிப்தின் அதிபதி முகம்மது அலி பரிசாக அனுப்ப, மார்செய் துறையிலிருந்து பாரீஸ் வரை நடந்தே வந்து சேர்ந்த ஒட்டகச்சிவிங்கி! அந்தக் கோடைக்காலத்துப் பாரீஸ், மிருகத்தையும் மனிதரையும் ஒரே ஆவலோடு பார்த்தது; வித்தியாசம் என்னவென்றால், ஒட்டகச்சிவிங்கிக்கு அரசாங்கத் தோட்டத்தில் ஆயுள் முழுவதும் தீவனம் கிடைத்தது, ஓசேஜ் மக்களுக்கோ கட்டணம் கொடுத்துப் பார்க்க வரும் கூட்டம் உள்ளவரையில்தான் சோறு.

கூட்டம் விரைவில் அலுத்துப்போயிற்று. கடன் விவகாரத்தில் தெலோனே சிறைப்பட்டார். பெல்ஜிய பூமியிலும் ஜெர்மன் ராஜ்யங்களிலும் ஊர் ஊராக அலைந்த அறுவரும் நாளடைவில் இரண்டு பிரிவாயினர். 1828 பிப்ரவரியில் லியேஜ் நகரில் மொஹோங்கோ என்ற பெண் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றாள். அவற்றில் ஒன்றை அவ்வூர்ச் சீமாட்டி ஒருத்தி வளர்ப்பதாக ஏற்றுக்கொண்டாள். அக்குழந்தை நெடுநாள் பிழைக்கவில்லை.

முடிவில் கைகொடுத்தவர்கள் இருவர். ஒருவர், முன்பு லூயிசியானாவில் மேற்றிராணியாராக இருந்து, இப்போது மோந்தோபான் நகரில் அப்பதவி வகித்த துபூர். தம் ஊரை நாடி வந்தவர்களுக்காக அவர் நன்கொடை திரட்டினார். மற்றவர், அமெரிக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற லஃபாயெத். அவர்கள் முயற்சியால் தாயகம் நோக்கிக் கப்பலேறியும், ஆடவரில் இருவர் வைசூரி கண்டு கடலிலேயே மாண்டார்கள். நார்ஃபோக் துறையில் இறங்கிய மொஹோங்கோ குழந்தையோடு வாஷிங்டன் சேர்ந்தாள். அங்கே 1830-ல் சார்லஸ் பேர்ட் கிங் தீட்டிய தாய்-சேய் சித்திரம், பிறகு மக்கென்னியும் ஹாலும் பதிப்பித்த பூர்வகுடிகள் சரித்திரத்தில் இடம்பெற்றது.

உயிரோடு ஊர் மீண்ட மற்றொருவர், பிரெஞ்சுக்காரரால் ‘பெரிய சிப்பாய்’ என்று வழங்கப்பட்டவர். 1840-ல் ஓசேஜ் மக்களோடு கோடைவேட்டைக்குப் போன விக்தோர் டிக்சியே என்ற பிரெஞ்சு இளைஞரிடம், பாரீஸ் பிரயாணக் கதையைச் சொல்லி மகிழ்ந்தவர் அவரேதான்.