தோட்டத்தில் விளையாத சோறு

பேராக் மாநிலத்தின் பீடோரில் இறங்குகிறவர்கள் கொய்யா வாங்காமல் திரும்புவது குறைவு. பழைய நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளில் விதையில்லாக் கொய்யா அடுக்கி வைத்திருக்கும். பருவம் வந்தால் டுரியான் குவியும். மலையடிவாரத்துச் செமாய்ப் பழங்குடி மக்கள் காட்டிலிருந்து இறக்கும் பெத்தாய்க் கட்டுகள் தொங்கும். பேரங்காடியை விட்டுவிட்டு, பக்கத்தில் விளைந்ததை விளைகிற காலத்தில் வாங்குங்கள் என்று இன்று சொல்பவர்களுக்கு இந்தச் சாலையோரத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அவர்கள் சொல்வதோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் நம் தாத்தா பாட்டிமார் அப்படித்தான் சாப்பிட்டார்கள், நாம்தான் மறந்துவிட்டோம் என்றும் கூடவே சொல்கிறார்களே, அதை ஏற்க முடியவில்லை. பீடோர் இருக்கும் பத்தாங் பாடாங் மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் தட்டில் விழுந்த சோறு கடல் தாண்டி வந்தது. உள்ளூர் உணவு அவர்களுக்கு வேலியோரத்தில்தான் கிடைத்தது. அது எப்போது பெருகியது, எப்போது வற்றியது என்று பார்த்துக்கொண்டே போனால், அதைத் தீர்மானித்தது நாக்கின் ருசியோ மனத்தின் உறுதியோ அல்ல, நிலம் யார் கையில் இருந்தது என்பதே என்று தெரியவருகிறது.

ரப்பர்த் தோட்டம் என்பதே ஒரு வினோதமான விவசாயம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே ஒரு மரத்தை நட்டார்கள். அந்த மரத்தில் வாயில் வைக்க ஒன்றும் காய்க்காது. நட்டவர்களுக்கு வேண்டிய அத்தனையும் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். தாப்பா ரோட்டுக்கும் தெலுக் ஆன்சனுக்கும் இடையில் 1893இல் போட்ட ரயில் பாதை ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது; துறைமுகத்தில் இறங்கிய மூட்டைகள் உள்நாட்டுக்கு ஏறின. ரங்கூனிலிருந்து புழுங்கலரிசி, இந்தியாவிலிருந்து பருப்பு, மிளகாய், புளி, மல்லி. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் அதிகமாக இறக்குமதி செய்து சாப்பிட்ட நாடு. 1920களில் இந்தியக் குடியேற்றக் குழு தோட்டக் கூலியை நிர்ணயித்தபோது, ஒரு தொழிலாளிக்கு மாதத்துக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, மிளகாய் வேண்டும் என்று பட்டியல் போட்டுத்தான் கணக்குப் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நின்றது கூலி. ஆக, கூலியே கப்பலில் வந்த அரிசியின் விலையை அளவுகோலாகக் கொண்டிருந்தது. பங்களாவில் இருந்த துரையும் தன் நிலத்தில் விளைந்ததைச் சாப்பிடவில்லை. 1903இல் சிங்கப்பூரில் தொடங்கிய கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் வெள்ளைக்காரர்களின் மேசைக்கு உறைய வைத்த இறைச்சியையும் வெண்ணெயையும் வரவழைத்துக் கொடுத்தது. அதே பெயரில்தான் பிற்காலத்துப் பேரங்காடிகளும் வந்தன.

தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு இருந்தது தோட்டத்துக் கடை. பால்மரக் காட்டுக்கு நடுவில் பல மைலுக்கு அது ஒன்றுதான். பற்று எழுதி வாங்குவார்கள், சம்பள நாளில் கணக்கைத் தீர்ப்பார்கள். தீராத மிச்சம் அடுத்த மாதத்துப் பக்கத்துக்குப் போகும். கடன் வைத்தவர் நிறுவையை எட்டிப் பார்க்க முடியாது, விலையைக் கேட்டு முகம் சுளிக்கவும் முடியாது. தொலைதூரத்துச் சரக்கு, எங்கிருந்து வந்ததென்று தெரியாத மூட்டை, ஒரே விற்பனையாளர் என்று பேரங்காடியைப் பற்றி இன்று சொல்லப்படும் குறைகள் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைக்கும் பொருந்தும். பேரங்காடியில் விலை ஒட்டியிருக்கிறது என்பது ஒரு வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்தில் நெல்லே விளையவில்லையா என்றால், விளைந்தது. பேராக்கின் வடமேற்கில் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் முடிந்தது. பீடோருக்கு மேற்கே, தெலுக் ஆன்சனை அடுத்த சுங்கை மானிக்கில் 1930களில் சதுப்பு நிலம் வயலானது. தமிழனுக்கு உழத் தெரியாமல் போய்விடவில்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் வயலில் நின்றவர்கள்தான் கப்பல் ஏறினார்கள். கிரியானிலேயே பாகான் செராயில் பாதிரியார் பே 1880களில் அமைத்த கத்தோலிக்கத் தமிழ்க் குடியிருப்பில் தமிழர்கள் பயிர் செய்து நிலைத்தார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு அந்த வழி திறக்கவில்லை. 1913இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து நிலத்தை மலாய்க்காரர்கள் கையிலேயே வைத்திருக்கப் பிறந்தது. அதற்கு அவர்கள் பக்கத்து நியாயம் உண்டு. தொழிலாளிக்கு வேறெங்காவது நிலம் கொடுப்பது தோட்ட முதலாளிக்கு ஆகாது, சொந்த வயல் உள்ளவன் விடியற்காலை பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்க மாட்டானே. சட்டம் கொடுத்தது ஒரு துண்டு. 1923இன் தொழிலாளர் சட்டப்படி குடும்பம் உள்ள தொழிலாளிக்குத் தோட்டம் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கைக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டியிருந்தது. நம் ஊர்க் கணக்கில் ஆறேகால் சென்ட்.

அந்த ஆறேகால் சென்ட்டிலும் லயத்து வாசலிலும்தான் உள்ளூர் உணவு பிறந்தது. முருங்கை, கறிவேப்பிலை, பூசணி, பீர்க்கு, மரவள்ளி. மர வரிசைகளுக்கு நடுவே தானாக முளைத்த கீரை. பால்மர நிழலில் மேய்ந்த மாடும் ஆடும். பக்கத்திலேயே மற்றவர்களின் விளைச்சலும் இருந்தது. ஈயம் எடுத்து விட்டுப்போன மணல் நிலங்களிலும் காட்டோரங்களிலும் சீனர்கள் காய்கறி போட்டார்கள், பழைய சுரங்கக் குட்டைகளில் வாத்தும் மீனும் வளர்த்தார்கள். செமாய் மக்கள் காட்டுப் பொருள் கொண்டுவந்தார்கள். கம்பத்திலிருந்து வாழையும் தேங்காயும் வந்தன. தமிழரின் மாட்டுப்பால் டவுனுக்குப் போனது. ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிய இந்தச் சந்தை சம்பளம் போட்ட ஞாயிறுகளில் உயிர்பெற்றது. கூலி கையில் இருந்தால் கங்குங் கீரையும் மீனும், இல்லாவிட்டால் கொல்லைக் கீரை.

பருவம் என்ற சொல்லை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த மண்ணில் கோடையும் பனியும் இல்லாதபோது பருவத்துக்கேற்ற உணவு என்பதற்கே பொருள் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். பழங்களுக்குப் பருவம் உண்டு. ஆண்டின் நடுவில் டுரியானும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும் ஒன்றாக வந்து சேரும்போது சாலையோரம் முழுக்க அதே பேச்சுத்தான். ஆனால் தோட்டத் தமிழன் உடம்பில் உணர்ந்த பருவம் வேறு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் இலை உதிர்க்கும். பால் இறங்காது. காலையில் மழை பிடித்துக்கொண்டாலும் வெட்டு இல்லை. வெட்டுக் குறைந்தால் கூலி குறையும், கடைப்பற்று ஏறும். அந்த வாரங்களில்தான் முருங்கையும் மரவள்ளியும் அடுப்பைக் காத்தன. கொல்லையில் விளைந்தது அவர்களுக்கு ஆரோக்கியத்துக்கான தேர்வாக இருக்கவில்லை. கூலி தவறும் காலத்துக்குக் கைக்காப்பாக இருந்தது.

உள்ளூர் உணவைப் புகழ்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கடுமையான கேள்வி இதற்குள்தான் இருக்கிறது. கப்பலோ கூலியோ நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதி மூன்று முறை பார்த்திருக்கிறது. 1918இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசி அங்கேயே திருப்பிவிடப்பட்டது. மலாயாவில் பஞ்சம் வருமோ என்ற அச்சத்தில் தோட்டங்களும் உணவுப் பயிர் போட வேண்டும் என்று அரசு சட்டம் இயற்றியது. அரிசி திரும்பியதும் அந்த அக்கறை கரைந்தது. 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது கூலியை வெட்டினார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். இங்கேயே நிலம் கொடுத்து நிறுத்துவதைவிட அது சுலபமாகத் தெரிந்தது. பிறகு ஜப்பான்காரன் காலம். கம்பாரிலும் சிலிம் ரிவரிலும் நடந்த சண்டைகளுக்கு நடுவே, 1942 ஜனவரித் தொடக்கத்தில் படைகள் பீடோர் வழியாகத்தான் தெற்கே இறங்கின. அடுத்த மூன்றரை ஆண்டுகள் அரிசி கனவாகிப் போனது. மரவள்ளியே காலையிலும் மாலையிலும். ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். வீங்கிய கால்களோடு பெண்கள் ரப்பர்க் காட்டைத் திருத்திக் கிழங்கு போட்டார்கள். நூறு சதவீதம் உள்ளூர் உணவு என்றால் இந்த மண் கண்ட ஒரே எடுத்துக்காட்டு அதுதான், அதற்குப் பட்டினி என்று பெயர். ஆகவே எல்லாவற்றையும் பக்கத்திலேயே விளைவித்துச் சாப்பிட வேண்டும் என்று வாதாட எனக்கு மனம் வரவில்லை. கப்பலும் தேவைதான். கப்பலை மட்டுமே நம்பியவர்கள், அது நின்ற அன்று, விதையும் பழக்கமும் நிலமும் இல்லாமல் நிற்க நேர்ந்ததுதான் கொடுமை.

போருக்குப் பின் அந்தச் சம்பள ஞாயிற்றுச் சந்தை மெல்லத் தலைதூக்கிய நேரத்தில், கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம், காட்டோரத்தில் காய்கறி போட்டுக்கொண்டிருந்த சுமார் ஐந்து லட்சம் பேரை முள்வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்களில் குடியேற்றியது. பீடோரின் கோல்ட்ஸ்ட்ரீம் போன்ற குடியிருப்புகள் அப்படி வந்தவை. தோட்ட லயங்களையும் ஓரிடத்தில் கூட்டி வேலி போட்டார்கள். அரிசி பங்கீட்டில் வந்தது, வெட்டுக்குப் போகிறவர் கட்டுச்சோறு எடுத்துப் போகக் கூடாது, வாயிலில் சோதனை. சில பகுதிகளில் கடையில் விற்கும் தகர டப்பாவைக்கூடத் துளையிட்டுத்தான் கொடுத்தார்கள், காட்டுக்குள் போய்ச் சேராமல் இருக்க. போராளிகளைப் பட்டினி போடுவதே நோக்கம். அதற்குக் கொடுத்த விலையாக, தூரத்தில் இருந்த கொல்லைகள் கைவிடப்பட்டன, காய்கறி போட்டவர்களில் பலர் கூலிக்குப் போனார்கள். உணவை விளைவிப்பது சந்தேகத்துக்குரிய காரியமாக இருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை, நம் சமையல் பழக்கங்கள் மாறிய கதையைச் சொல்கிறவர்கள் ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மிச்சத்தைத் துண்டாடல் முடித்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன, வாங்கியவர்கள் கூறுபோட்டார்கள். 1951 முதல் 1960 வரை நடந்ததை உங்கு அசீஸ் ஆராய்ந்து அறிக்கை தந்தார். அதே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்கலாம் என்ற அந்த யோசனை, நான் மேலே சொன்ன நிலக் கேள்விக்கு நம்மவர்கள் தந்த ஒரே பெரிய பதில். ஆனாலும் அது காப்பாற்றிய பரப்பு கைநழுவியதைவிட மிகக் குறைவு. பின்னர் செம்பனை வந்தது. இளங்கன்றைக் கடிக்கும் என்று மாட்டுக்குத் தடை வந்தது. மரத்தடிக் கீரை களைக்கொல்லியில் கருகியது. அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர்களும் நம் பெண்களே. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பதால், முப்பது ஆண்டு வளர்த்த முருங்கையை விட்டுவிட்டுப் பலர் மலிவு விலை அடுக்குமாடிக்கு ஏறினார்கள். 2002இல் டெஸ்கோ தன் முதல் மலேசியக் கடையைப் பூச்சோங்கில் திறந்தபோது, அங்கே வண்டி தள்ளியவர்களில் எத்தனையோ பேருக்குக் கொல்லை ஏற்கெனவே இல்லை. பேரங்காடி அவர்களிடமிருந்து கொல்லையைப் பறிக்கவில்லை. பறிக்கப்பட்ட பிறகே அது வந்தது.

அதனால்தான் பேரங்காடிக்குப் போகும் குடும்பங்களைக் குறை சொல்லும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. விலை ஒட்டியிருக்கும் கடை, தோட்டக் கடைப் புத்தகத்தில் தலைமுறையாகக் கட்டுண்டவர்களுக்கு ஒரு விடுதலை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஞாயிறு மாலை ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பதும் உதவிதான். பல சரக்கு அங்கே மலிவு என்பதும் உண்மை. ஆனால் அந்த மலிவு எவ்வளவு உறுதியானது என்பதை 2023இல் பார்த்தோம். ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது; ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி போட்டது. செப்டம்பரில், நாட்டுக்கு அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. 10 கிலோ 26 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலையில் இருந்த உள்ளூர் அரிசி உடனே கடை அடுக்குகளில் காணாமல் போனது. நூறு ஆண்டுக்கு முந்தைய பர்மா அரிசிக் கதை, ஏறக்குறைய அதே வரிசையில். உள்ளூரில் விளைந்ததாலேயே உள்ளூர்க்காரருக்குக் கிடைத்துவிடாது என்பதும் அப்போது தெரிந்தது. நடுவில் அது யார் கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. விளைவிப்பவரே நேரடியாக விற்கட்டும் என்று விவசாயச் சந்தை வாரியமான பாமா 1985இல் பாசார் தானியைத் தொடங்கியதன் நியாயம் இதுவே. பீடோரின் கொய்யாக் கடையும் இரவுச்சந்தைக் கீரைக்கட்டும் அதே நியாயத்தில் நிற்கின்றன. எல்லாச் சாமானுக்கும் அவை ஈடாகா. ஒரு கதவு அடைபட்டால் இன்னொரு கதவு இருக்க வேண்டும், அவ்வளவுக்கு அவை வேண்டும்.

நிலம் இல்லாமல் அந்தக் கதவும் நிற்காது. பேராக்கில் காய்கறி போடுகிற பலர் அரசு நிலத்தில் பட்டா இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்கிறவர்கள். உள்ளூர் அரிசி காணாமல் போய் நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே 2023 அக்டோபரில், ஈப்போவுக்கு வடக்கே காந்தானில் அப்படிப் பயிர் செய்துகொண்டிருந்த சிறு விவசாயிகளின் விளைச்சலை, காவலர்கள் சூழ நிற்க, இயந்திரங்கள் வந்து புரட்டிப் போட்டன. ஈப்போச் சந்தைகளுக்குப் போயிருக்க வேண்டிய காய்கறிகள் அவை.